பிடி அரிசி டின்

ஆகஸ்ட் 6, புதன்

என் பெயர் தேவபிச்சை. இதை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

கிணறு வெட்டுவது என் தொழில். இப்போது வெட்டுவதில்லை. வயது எழுபத்தொன்று. போன வருஷம் எழுதப் படிக்கக் கோவில் ஹாலில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். தினமும் நடந்ததை எழுதினால் கை பழகும் என்று டீச்சர் சொன்னார்கள். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று சும்மா இருந்தேன். இப்போது நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இறங்கும்போது என் மனைவி தபித்தாள் கோவில் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஆறு வாரம் அசைக்கக் கூடாது.

அந்தப் படியில் பாசி இருக்கிறது என்று கமிட்டிக்காரர்களிடம் முன்னமே சொன்னேன். ஜெபித்துக்கொள்வோம் அண்ணாச்சி என்றார்கள். பாசிக்கு எதற்கு ஜெபம்? பிளீச்சிங் பவுடர் போட்டால் போகாதா?

கோபம். இந்த வார்த்தை நன்றாக விழுகிறது. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். கோபம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விடியும் முன் குழாயில் தண்ணீர் வரும். பிடிக்க வேண்டும். கோழியைத் திறந்துவிட வேண்டும். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும். முற்றம் பெருக்க வேண்டும். பால் காய்ச்ச வேண்டும். குடும்ப ஜெபம். பிறகு இட்லி, சட்னி, பாத்திரம், துணி. இதெல்லாம் முடிந்து உட்கார்ந்தால் மத்தியானச் சோறு என்கிறாள். இப்போதுதானே சாப்பிட்டோம்!

தபித்தாள் கட்டிலில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறாள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"இருந்த இடத்துலதான் இருக்கு" என்றாள்.

இது ஒரு பதிலா?

ஆகஸ்ட் 9, சனி

இன்று இட்லிச் சட்டி கருகியது. நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது.

மாவை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, எப்போது இறக்க என்று கேட்டேன்.

"வேதத்துல உள்ள பெரிய சங்கீதம் ஒண்ணு சொல்லுங்க. அது முடிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாருக்கும் பேர் சொல்லி ஜெபம் பண்ணுங்க. உங்க தம்பி வீட்டுல ஆரம்பிங்க. நம்ம கிப்சன் வீட்டுக்கு வரும்போது இட்லி வெந்திருக்கும்."

"கடிகாரம் இருக்குல்லா?"

"கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நிக்க யாருக்கு நேரம் இருக்கு?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெங்காயம் வதங்க கர்த்தருடைய ஜெபம் மூன்று தடவை. பால் ஓரத்தில் நுரைக்க ஆரம்பித்தால், ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணம் ஒரு தடவை, ஆமென் சொல்லும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். முட்டைக்கு ஒரு சின்னச் சங்கீதமும், வியாதியாய் இருக்கிற அத்தனை பேருக்கும் ஜெபமும்.

இத்தனை வருஷம் அடுப்படியில் இவள் முணுமுணுத்தது கேட்கும். என் பெஞ்சாதி பக்தியுள்ளவள் என்று ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"அப்போ அது ஜெபம் இல்லையா, ஏட்டி? இட்லிக்குக் கணக்கா?"

"ஜெபந்தான். இட்லியும் வேகும், ஜெபமும் மேல போகும். ரெண்டுக்கும் ஆவி வேணும்" என்று சிரிக்கிறாள்.

நான் வேதப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, பெரிய சங்கீதத்தை வாசிக்க ஆரம்பித்தேன். விரல் வைத்து, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன். நாலாம் வசனத்தில் கருகல் வாசம் வந்தது.

"மனப்பாடமா சொல்லச் சொன்னா வாசிச்சுக்கிட்டா இருக்கிய?"

"வாசிக்கத் தெரிஞ்சவன் எதுக்கு மனப்பாடம் சொல்லணும்?"

இதற்கு அவளிடம் பதில் இல்லை. இட்லியும் இல்லை. பழைய சோறு சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகன் கிப்சன் தாம்பரத்திலிருந்து போன் செய்தான். அவனுக்கும் மருமகள் ஷைனிக்கும் கம்பெனி வேலை. பேரன் பிறந்து ஐந்து மாதம். ஷைனிக்கு அக்டோபரில் லீவு முடிகிறது.

"அப்பா, நான் சொல்றதப் பொறுமையா கேளுங்க. அம்மாவ நான் கூட்டிட்டு வந்துர்றேன். உங்களால வீட்டப் பாத்துக்க முடியாது. பக்கத்து ஊர்ல நம்ம சபை முதியோர் இல்லம் இருக்குல்ல, விசாரிச்சிட்டேன். நல்ல ரூம்."

"ரெண்டு பேருக்குமா?"

"எங்க வீட்ல ஒரு பெட்ரூம்தானப்பா இருக்கு. அம்மா எங்ககூட இருக்கட்டும். நீங்க அங்க."

ஏணியில்லாமல் என்னைக் கிணற்றில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. கத்தினேன். கிணற்றுக்குள் நின்று மேலே இருப்பவர்களிடம் கத்திக் கத்தி என் குரல் பெரியதாகிவிட்டது. நான் மெதுவாகப் பேசினாலே சண்டை என்பார்கள். இன்று மெதுவாகவும் பேசவில்லை.

கடைசியில் அவன் சொன்னான்: "சரி. செப்டம்பர் கடைசில அசனத்துக்கு வருவேன்ல. வந்து வீட்டப் பாக்கேன். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அசனம் என்றால் எங்கள் கோவில் விருந்து. வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

போனை வைத்தபின் தபித்தாளிடம், "உனக்குப் போக ஆசையா?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குத் தண்ணி வச்சீயளா?" என்றாள்.

வைக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு நல்ல காரியம் செய்தேன். எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினேன். உப்பு. சீனி. கடுகு. சீரகம். துவரம்பருப்பு. ஒன்றுக்கும் யாரிடமும் கேட்கவில்லை. பிறகும் பேப்பர் மிச்சம் இருந்தது. கதவு, கட்டில், விளக்குமாறு என்றும் எழுதி ஒட்டினேன். வீடு முழுவதும் என் எழுத்து. நின்று நின்று வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஆடு 'விளக்குமாறு' பேப்பரைத் தின்றுவிட்டது. சனியன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று என் தலை குனிந்தது.

ஆராதனையில் ஜெபக்குறிப்பு வாசிக்கும் நேரம். நோயாளிகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், மழை. பிறகு பெண்கள் சங்கச் செயலாளர் வயலட் எழுந்து ஒலிபெருக்கியில் சொல்கிறாள்: "கை முறிந்த தபித்தாள் அம்மாவுக்காகவும், வீட்டுக் காரியங்களைக் கவனிக்க முடியாமல் கஷ்டப்படுகிற தேவபிச்சை ஐயாவுக்காகவும், அவர்கள் வீட்டில் சட்டிகள் கருகாதபடிக்கும் ஜெபிப்போம்."

சட்டிகள் கருகாதபடிக்கு! சபை முழுவதும் தலைகுனிந்து ஜெபித்தது. பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

வயலட் எங்கள் அடுத்த வீடு. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு யாரு சொன்னா?"

"வாசம் வந்துச்சுல்லா அண்ணே. பாரத்தோடதான் ஜெபத்துல வச்சேன்."

"பாரம் இருந்தா வந்து ஒரு சட்டியத் தேச்சுக் குடு. கோவில்ல எதுக்குச் சொல்லுத?"

"ஜெபம் மலையவே பேத்துப் போட்டுரும் அண்ணே."

ஒரு வீட்டுக் காரியம் ஊருக்குத் தெரிய வேண்டுமானால் தண்டோரா போட வேண்டாம், வயலட்டின் ஜெபத்தில் வைத்தால் போதும். சாயங்காலமே தாம்பரத்துக்கும் போய்விட்டது. கிப்சன் போன் செய்து, "என்னப்பா, சட்டியெல்லாம் கருகுதாமே" என்கிறான்.

இனி ஒரு சட்டியும் கருகாது. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பால் சட்டி கருகியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உட்கார்ந்து யோசித்தேன். கிணற்று வேலையில் நான் ஒரு நாளும் குழம்பியதில்லை. ஒரு கூடை மண்ணோடு மேலே போகும்போது காலிக் கூடை கீழே வரும். மேலே போகிற கூடைக்குக் கீழே எவனும் நிற்கக் கூடாது. இது ரெண்டுந்தான் சட்டம்.

அடுப்படிக்கும் அதே சட்டம் போட்டேன். அடுப்பில் ஒன்று ஏறினால் கையில் இன்னொன்று இறங்க வேண்டும். உலை கொதிக்கும்போது காய் நறுக்கு. சோறு வேகும்போது பாத்திரம் கழுவு. ஆனால் பால் ஏறும்போது வேறு எதையும் தொடாதே, அது மேலே போகிற கூடை.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. தபித்தாளிடம் சொன்னேன். "இதத்தான நான் செஞ்சேன்" என்றாள்.

கூடையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்!

ஆகஸ்ட் 22, வெள்ளி

தபித்தாளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசல் பக்கம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். உதடு அசைகிறது. ஜெபம்.

"எவ்வளவு நேரமா கூப்பிடுதேன்! ரசத்துக்குப் புளி எவ்வளவு?"

கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லிவிட்டுத்தான் திறந்தாள். முகம் குளித்து வந்தவள்போல் இருந்தது.

"கண்ண மூடி ஜெபம் பண்ணுதேன். இப்பம்லாம் பால் பொங்காதுல்லா" என்றாள்.

பால் பொங்காதாம். பொங்கினால் துடைக்கிறது யார்? புளி எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ரசம் புளித்தது. அவள் இரண்டு தம்ளர் குடித்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாதக் கடைசி ஞாயிறு. பிடி அரிசி எடுக்க வயலட் பையோடு வந்தாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோவிலுக்கென்று தனியாகப் போட்டு வைக்க வேண்டும். மாதக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. மூடி ரொம்ப இறுக்கம். நானே அதை இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் நெம்பித்தான் திறப்பேன்.

திறந்தால் காலி. ஒரு மாதமாக ஒரு பிடியும் நான் போடவில்லை. இப்படி ஒன்று உண்டு என்றே மறந்துவிட்டேன்.

"பரவாயில்ல அண்ணே. ஜெபிச்சுக்கிடுவோம்" என்றாள் வயலட்.

"நீ ஒண்ணும் ஜெபிக்க வேண்டாம்! அடுத்த மாசமும் ஒரு பிடி கிடையாது. என் சட்டியச் சபையில ஏத்துனியே, அதுக்கு அரிசி வேறயா?"

வயலட் போனபின் தபித்தாள் சொன்னாள்: "நீங்க கோவப்படுதது வயலட் மேல. அரிசி போகுதது வயலட்டுக்கு இல்ல."

போட மாட்டேன் என்றால் போட மாட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விரல்தான் மடங்கவில்லை. ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். தினமும் அமுக்கிப் பழகினால் வந்துவிடுமாம்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, பழைய தாவணித் துணியைக் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

"டாக்டர் கைய ஆட்டச் சொன்னாரு."

"ஆட்டலாம். மெதுவா ஆட்டலாம்."

செப்டம்பர் 18, வியாழன்

கிப்சன் போன். அம்மாவின் கை எப்படி என்று கேட்டான். தபித்தாளிடம் கொடுத்தேன்.

"கர்த்தர் சித்தம், ஐயா" என்றாள்.

"வலிக்குதாம்மா?"

"கர்த்தர் சித்தம்."

"பால் பாட்டிலப் பிடிக்க முடியுமா? ஷைனி கேட்டா. அடுத்த மாசம் அவ ஆபீஸ் போறா."

"பேரன் சிரிக்குதானா? ஒரு தடவ காட்டு" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்கு மகன்மேல் கோபம் வந்தது. கைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவன், அந்தக் கை எதற்கு ஆகும் என்றுதானே கேட்டான்!

செப்டம்பர் 20, சனி

வீட்டில் சில காரியங்கள் எனக்குப் பிடிபடவில்லை. கொல்லைக்குப் போய் வந்தால் தபித்தாளின் தலை பின்னியிருக்கிறது. வயலட் வந்து பின்னினாள்போல என்று நினைத்தேன். வயலட் தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கட்டிலுக்கடியில் கிடந்த ரப்பர் பந்து தலையணைக்கடியில் இருக்கிறது.

வயதாகிறது. எல்லாம் மறந்துபோகிறது.

செப்டம்பர் 22, திங்கள்

பலசரக்கை அடுக்கும்போது பிஸ்கட் டின் கையில் பட்டது. கனமாக இருந்தது. திறந்தேன். பாதிக்கும் மேல் அரிசி.

நான் ஒரு பிடியும் போடவில்லை. சத்தியம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேதத்தில் ஒரு விதவையின் பானையில் மாவு குறையாமல் இருந்தது என்று போன வாரந்தான் வாசித்தேன். என் கோபத்தைப் பாராமல் கர்த்தர் என் வீட்டு டின்னை நிரப்புகிறார். யாரிடமும் சொல்லவில்லை. வயலட்டிடம் சொன்னால் ஒலிபெருக்கிக்குப் போய்விடும்.

கிணற்றில் ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கச் சாயங்காலம் ஒரு அடையாளம் வைப்போம். அதேபோல் அரிசியைச் சமமாகத் தடவி, மேலே விரலால் ஒரு சிலுவை கீறி மூடிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சிலுவை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் குவியல். குவியலில் நாலு விரல் பதிந்த தடம். சின்ன விரல்கள்.

கர்த்தருடைய விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த விரல்கள் எனக்குத் தெரியும்.

டின்னை மூடினேன். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அந்த மூடி உட்காரும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டின்னை முற்றத்தில் வீசியிருப்பேன். நான் இங்கே கரியிலும் புகையிலும் சாகிறேன், இவள் கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! கேட்டுவிடுவது என்று வெளியே போனேன். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. ஆமென் வரட்டும் என்று நின்றேன். ரொம்ப நேரம் வரவில்லை.

உள்ளே வந்து காப்பி போட்டேன்.

அற்புதம் என்றே இருக்கட்டும்.

செப்டம்பர் 27, சனி

கிப்சன் காலையில் வந்தான். ஷைனியும் குழந்தையும் வரவில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தான். டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்துச் சிரித்தான். கட்டிலில் 'கட்டில்' என்று இருந்ததைப் போட்டோ எடுத்தான். இட்லி, சட்னி, மத்தியானம் சோறு, புளிக்குழம்பு, முட்டை. எல்லாம் நான்தான். ஒரு பருக்கை கருகவில்லை. அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கினான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து சொல்கிறான்: "சூப்பர்ப்பா. நான் உங்கள என்னமோன்னு நெனச்சேன். நீங்க தனியாவே சமாளிச்சுருவீங்க. முதியோர் இல்லமெல்லாம் வேண்டாம். இங்கயே இருங்க. நாளைக்கு ராத்திரி ரயிலுக்கு அம்மாவுக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கேன்."

இவ்வளவு நாள் நான் புகை குடித்தது இதற்காகவா? கருகினால் கூட்டிக்கொண்டு போவான். கருகாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போவான்.

"அவ கை இன்னும் சரியாகல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தபித்தாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"அங்க பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்குப்பா, பாத்துக்கலாம். அம்மா, கையக் காட்டுங்க."

காட்டினாள். விரல்களை மடக்கச் சொன்னான். பாதி மடங்கி நின்றுவிட்டன.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிக் குழந்தையத் தூக்குவாங்கன்னு ஷைனி கேப்பாளே" என்று தலையைச் சொறிந்தான். "நாளைக்குப் பேசிட்டு முடிவு பண்ணுறேன்."

டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுதி எழுதி விரல் வலிக்கிறது. ஆனாலும் முழுதையும் எழுதிவிட வேண்டும்.

இன்று அசனம். ஆராதனை முடிந்து கோவில் வளாகத்தில் பந்தி போட்டார்கள். நீளமாகப் பாய் விரித்து எல்லாரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். கிப்சன், தபித்தாள், நான் பக்கத்தில் பக்கத்தில். தபித்தாள் வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு, இடது கையில் கரண்டி வைத்துச் சாப்பிட்டாள். கிப்சன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிம்மா, நீங்க இருங்க. வேற ஏதாவது யோசிக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது குழம்பு வாளியோடு வயலட் வந்தாள்.

"மதினி! இன்னுமா தொட்டில்? நேத்துச் சாயந்தரம் எங்க மாடியில நின்னு பாத்தேனே. ரெண்டு கையாலயும் போர்வையப் பிழிஞ்சு கொடியில போட்டிய! நாங்க ஜெபிச்ச ஜெபத்துக்குப் பதில் கெடச்சிருச்சு. ஸ்தோத்திரம்!"

பந்தியில் நாலு பேர் ஸ்தோத்திரம் என்றார்கள்.

நான் குளிக்கவும் கிப்சன் கடைக்கும் போயிருந்த நேரம். போர்வை யார் துவைத்தது என்று நான் கேட்கவே இல்லை. வயலட்டுக்கு வாளியில் இருக்கிற குழம்பைப் பார்த்து ஊற்றினால் போதாதா?

கிப்சன் கையை இலையில் வைத்தபடி இருந்தான். "அம்மா, நெசமா?"

தபித்தாள் தலைகுனிந்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நேத்து அப்படிச் சொன்னீங்க? கோவில் வேலையெல்லாம் செய்யிறவங்க. பெத்த பிள்ளைகிட்ட ரெண்டு பேரும் சேந்து நடிக்கிறீங்களா? கை நல்லா இருந்தா ராத்திரி கிளம்ப வேண்டியதுதானே!"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இந்தப் புத்தகத்தில் இதுவரை எழுதிய கோபமெல்லாம் கோபமே இல்லை. அறுபதடி ஆழத்திலிருந்து கத்துகிற குரலில் கத்தினேன். பந்தி முழுவதும் நின்றுவிட்டது.

"ஆமா, நல்லா இருக்கு! அவ கை நல்லாத்தான் இருக்கு! அது நல்லா இருந்தா உனக்குன்னு யாருல சொன்னது? இந்தக் கை உனக்குச் சோறு ஊட்டியாச்சு, எனக்குப் பொங்கியாச்சு. இனி அது எவன் அடுப்புக்கும் கெடையாது. ஒன் அடுப்புக்கும் கெடையாது. என் அடுப்புக்கும் கெடையாது!"

"அப்போ குழந்தைய யாருப்பா பாத்துக்குவா?"

"நீ பாரு. நான் எழுபது வயசுக்கு மேல பால் காய்ச்சப் படிச்சேன். உனக்கு என்ன வயசு?"

யாரோ சிரித்தார்கள். கிப்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்திருக்கப் போனான். தபித்தாள் தொட்டிலிலிருந்து வலது கையை வெளியே எடுத்து அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இறுக்கமாகப் பிடித்தாள்.

"இரு ஐயா. சோத்துல பாதியில எந்திரிக்கக் கூடாது. நான் பொய் சொன்னது தப்பு. கர்த்தர்கிட்ட நான் கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு கேளு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கண்ணத் தொறந்துக்கிட்டேதான் ஜெபம் பண்ணியிருக்கேன். ஒரு கண்ணு பாலுல, ஒரு கண்ணு சோத்துல. கை ஒடஞ்ச பெறகுதான் கண்ண மூடுனேன். அது நல்லா இருந்துச்சு ஐயா. விட மனசில்ல."

கிப்சன் இலையில் சோற்றைப் பிசைந்தான்.

"பேரனப் பாக்கக் கிறிஸ்மசுக்கு வாரேன். விருந்தாளியா வாரேன். வேலைக்கு வரல."

வயலட் குழம்பு வாளியோடு அப்படியே நின்றாள்.

"என்னத்தப் பாக்க? இதயும் ஜெபத்துல வைக்கணுமா?" என்றேன்.

"இல்ல அண்ணே" என்று சொல்லி, எனக்கு இரண்டு கறித் துண்டு கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கிப்சன் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான். கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. வாசலில் அம்மாவிடம் ஜெபம் பண்ணச் சொல்லித் தலைகுனிந்து நின்றான். தபித்தாள் அவன் தலையில் வலது கையை வைத்தாள். அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபின் என்னைப் பார்த்து, "அப்பா, பால் பாட்டில் எவ்வளவு நேரம் கொதிக்கணும்?" என்றான்.

"உனக்கு விசுவாசப் பிரமாணம் மனப்பாடமா தெரியுமால?" என்று கேட்டேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். ஆட்டோ போய்விட்டது.

வயலட் அரிசிப் பையோடு வந்தாள். டின்னை அப்படியே கொடுத்தேன். கனத்தைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு டின்னைத் திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்று குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. பஞ்சாயத்தில் போய்க் கத்திவிட்டு வந்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வயலட் வீட்டு ரோஜாவைத் தின்றுவிட்டது. அதற்கு நான் ஜெபிப்பதாக வயலட்டிடம் சொன்னேன்.

சோற்றுக்கு அரிசி அளந்தேன். தபித்தாள் அடுப்படிக்குள் வந்தாள். கழுத்தில் துணி இல்லை. நான் அளந்த படியிலிருந்து வலது கையால் ஒரு பிடி எடுத்தாள். காலி டின்னைத் திறந்து அதில் போட்டாள். அரிசி தகரத்தில் விழுந்து சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் மூடியை அமுக்கினாள். இந்தத் தடவை ஒளித்து இல்லை, எனக்கு முன்னாலேயே.

பிறகு அடுப்பைப் பார்த்தாள். பால் சட்டியின் ஓரத்தில் நுரை வரத் தொடங்கியிருந்தது. அவள் கை அதை நோக்கிப் போயிற்று.

"ஏட்டி, வெளிய போ" என்றேன்.

போனாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெபப் புத்தகமும் கண்ணாடியும் மாடத்தில் இருந்தன. எடுக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகவே சொன்னேன். கண்ணைத் திறந்துகொண்டு, பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஆமென் சொல்லி அடுப்பை அணைத்தேன். பால் பொங்கவில்லை.